வாசலுக்கு எந்தச் செடி?

பஸ்ஸில் காங்கேயம் பக்கம் போகும் சகோதரிகள் ஜன்னல் வழியாக ஒரு காட்சியைக் கவனித்திருப்பீர்கள். பரந்த மேய்ச்சல் நிலம். நடுநடுவே வெள்வேல மரங்கள். சுற்றிலும் முள் நிறைந்த உயிர்வேலி. கொறங்காடு என்று அந்தப் பக்கத்தில் சொல்லும் இந்த நிலங்களில்தான் பெயர் பெற்ற காங்கேயம் மாடுகள் மேய்கின்றன. வேலியாக நிற்பது கிளுவை. கொம்பை வெட்டி நட்டால் வேர் பிடிக்கும். கோடையில் இலையை உதிர்த்துவிட்டு, மழை விழுந்ததும் மறுபடி துளிர்க்கும்.

"மாட்டு வேலிக்கும் எங்கள் வீட்டு வாசலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். அந்த வேலியை நட்டவர்கள் முதலில் மண்ணையும் மழையையும் பார்த்தார்கள். பிறகுதான் செடியைத் தேர்ந்தெடுத்தார்கள். நாமோ நர்சரியில் பூத்துக் குலுங்கும் செடியைக் கண்டு மயங்கி வாங்கி வந்துவிட்டு, பிறகு மண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறோம்!

காங்கேயம் வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறக்குறைய 600 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசியை ஒட்டிப் பெய்து தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் வாளி தூக்குவது யார்? வீட்டுப் பெண்தானே! சமையலையும் முடித்துக்கொண்டு காலையில் பனியன் கம்பெனிக்கு ஓடுகிறவளுக்கு, வாசல் செடி இன்னொரு சுமையாகிவிடக் கூடாது.

முதலில் மண். இட்லிப் பூவைப் பலரும் ஆசையாக வைக்கிறார்கள். சில மாதங்களில் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. வீடு கட்டியபோது சிந்திய சிமெண்டும் சுண்ணாம்பும் சுவரோரத்து மண்ணில் கலந்திருந்தால் இப்படி ஆகும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் அந்தச் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே ஒன்றரை அடி ஆழம் தோண்டி, கட்டடக் குப்பையை அப்புறப்படுத்தி, செம்மண்ணும் மக்கிய சாண எருவும் நிரப்பி நடுங்கள். மனையே சுண்ணாம்பு மண்ணானால், இட்லிப் பூவைத் தொட்டியோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

அடுத்தது வெயில். பிற்பகல் வெயில் கொளுத்தும் மேற்குச் சுவருக்கு மருதாணியும் காகிதப் பூவும் ஏற்றவை. மருதாணியைக் கத்தரித்துவிட்டால் அடர்த்தியான வேலியாக நிற்கும். பண்டிகைக்குக் கைக்கு இலையும் ஆயிற்று. காகிதப் பூவில் முள் உண்டு. படிக்கட்டை விட்டுத் தள்ளியே வையுங்கள். காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத்துக்கு நந்தியாவட்டை. பூஜைக்கு வெள்ளைப் பூ கிடைக்கும். கிளையை ஒடித்தால் பால் வடியும். அது கண்ணில் படாமல் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

செம்பருத்திக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும், கவனிப்பும் வேண்டும். 2008-ல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றியது நினைவிருக்கிறதா? பப்பாளி, மரவள்ளி, மல்பெரியோடு வீட்டுச் செம்பருத்தியையும் அது விட்டுவைக்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த சின்னஞ்சிறு குளவியினம்தான் அதை அடக்கியது. வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருப்பதைக் கண்டதும் அந்தக் கிளையை வெட்டி அழித்துவிடுங்கள். பூச்சி மருந்தை வாரி இறைத்தால் நன்மை செய்யும் குளவியும் மடிந்துபோகும்.

இனி, முக்கியமான எச்சரிக்கை. அரளி தண்ணீர் கேட்காது, ஆடும் கடிக்காது என்று சிலர் வாசலிலேயே வைத்துவிடுகிறார்கள். ஆடு ஏன் கடிப்பதில்லை? இலை முதல் வேர் வரை விஷம்! மஞ்சள் அரளியின் கொட்டையோ இதயத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடியது. தவழும் குழந்தை உள்ள வீட்டு வாசலில் இவை வேண்டவே வேண்டாம். குழந்தை வாயில் போட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாமல், அந்தச் செடியின் ஒரு துண்டையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நடும்போது நாற்றின் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். வளர்ந்தபின் எவ்வளவு படரும் என்று கேளுங்கள். நாலடி அகலம் படரும் செடியைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நட்டால் காற்றும் வெளிச்சமும் தடையில்லாமல் வரும். தண்ணீர்ப் பாத்தியைச் சுவரை ஒட்டிக் கட்டினால் ஓதம் ஏறிச் சுண்ணம் உரியும். ஜன்னலுக்குக் கீழே குட்டைச் செடி, மூலையில் உயரமான செடி என்று வைத்தால் வாசலுக்குத் தனி லட்சணம் வந்துவிடும்.

குடிநீர் இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைப் பலர் செடிக்கே ஊற்றுகிறார்கள். அதில் உப்பு செறிந்திருக்கும்; வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு அரிசி, காய்கறி கழுவிய நீரே மேல்.

புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழை உங்களுக்காக வாளி தூக்கும். முதல் வருஷம் ஒரு மருதாணியும் ஒரு நந்தியாவட்டையும் போதும். அவை கோடையைத் தாண்டட்டும். மற்றவை பிறகு வரட்டும்.