சாஷா 55க்கு யார் அழுதது?

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாங்கள் ‘டொக்டர் ஹூ’வைத் திட்டுவதற்கென்றே பார்க்கிற ஆட்கள் இல்லை. விரும்பிப் பார்க்கிறவர்கள். அதனால்தான் இந்தக் கோபம்.

“கதிரவெளியில இருந்துகொண்டு டொக்டர் ஹூவா?” என்று கம்பஸில் சிரித்தவர்கள் இருக்கிறார்கள். ஏன், வானம் எங்கட ஊருக்கு மேல இல்லையா? கரண்ட் போன இரவில் கடற்கரைக்கு வந்து பாருங்கள், கொழும்புக்காரருக்குக் கிடைக்காத வானம் தெரியும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். பிபிசியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய தொடர் இது. 1989இல் நின்று, 2005இல் திரும்பவும் வந்தது. டொக்டர் என்பவர் வேற்றுக்கிரகவாசி. நீலநிறப் பொலிஸ் பெட்டி வடிவில் இருக்கிற டார்டிஸ் என்ற கலத்தில் காலத்துக்குள்ளும் வெளிக்குள்ளும் பயணிப்பார். சாகிற நேரம் உடம்பு மாறிப் புது ஆளாக எழும்புவார். கூட ஒரு மனிதத் துணை வரும். ஒவ்வொரு பருவத்தின் முதல் அத்தியாயமும் புது ஆட்களுக்கான வாசல். அந்த வாசல் பிழைத்தால் உள்ளே யாரும் வரமாட்டார்கள்.

நாங்கள் பேசப்போவது 2025 ஏப்ரல் 12 அன்று வெளியான ‘தி ரோபோட் ரெவலூஷன்’ பற்றி. எழுதியவர் ரஸல் ரி டேவிஸ், 2005இல் தொடருக்கு மறுபடி உயிர் கொடுத்த அதே ஆள். டொக்டராக ஷூட்டி கட்வா. புதுத் துணை பெலிண்டா சந்திராவாக வரதா சேது. கேரளத்தில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். எங்களைப் போல முகம், லண்டன் ஆஸ்பத்திரியில் தாதி வேலை. நாங்கள் எவ்வளவு எதிர்பார்த்திருப்போம் என்று யோசியுங்கள். (கதையைச் சொல்லப்போகிறோம். பார்க்காதவர்கள் விரும்பினால் இங்கேயே நிறுத்தலாம்.)

பெலிண்டாவுக்குப் பதினேழு வயதில் ஒரு காதலன், அலன். ஒரு நட்சத்திரத்துக்கு அவளுடைய பேரை வாங்கிச் சான்றிதழாகப் பரிசளிக்கிறான். பதினேழு வருடம் கழித்து அந்த நட்சத்திரத்திலிருந்தே ரோபோக்கள் ராக்கெட்டில் வந்து, “நீதான் எங்கட ராணி” என்று அவளைத் தூக்கிக்கொண்டு போகின்றன. அங்கே பத்து வருடமாக ரோபோக்களுக்கும் மனிதர்களுக்கும் யுத்தம். டொக்டர் ஆறு மாதத்துக்கு முன்னரே வந்து, போராளிகளோடு ஒளிந்து வேலை செய்கிறார். முடிவில் பார்த்தால் ரோபோக்களை ஆட்டிவைத்தது அந்தப் பழைய காதலன் அலன்தான், பாதி மனிதன் பாதி இயந்திரமாக.

நல்ல கரு. பொய் சொல்லவில்லை, மிக நல்ல கரு. ஒரு பெண்ணின் பேரை அவளிடம் கேட்காமலே எடுத்து ஒரு உலகத்தின் மேல் ஒட்டுகிறான் ஒருத்தன். அதை அன்பு என்கிறான், பிறகு அவளையே உரிமை கோருகிறான். இன்னொரு நல்ல யோசனையும் உண்டு. அந்த ரோபோக்களுக்கு ஒவ்வொரு ஒன்பதாவது சொல்லும் கேட்காது. ரோபோக்களுக்கு முன்னால் நின்றே, கேட்காத சொற்களை அடுக்கிச் செய்தி அனுப்புகிறார் டொக்டர். அதிகாரத்தின் காதுக்கு விளங்காத மாதிரிக் கதைக்கிற வித்தை எங்கட பெரியாக்களுக்கு நல்லாத் தெரியும். அந்தக் காட்சியில் கைதட்டினோம்.

பிறகு ஏன் ஏமாற்றம்?

சாஷா 55 என்று ஒரு பெண் வருகிறாள். அந்த ஆறு மாதமும் டொக்டரோடு நின்றவள். நட்சத்திரங்களைக் காட்டக் கூட்டிப்போவதாக அவளுக்கு அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். பெலிண்டாவைக் காப்பாற்றுகிற முயற்சியில் ரோபோ சுடுகிறது, அவள் இல்லாமல் போகிறாள். டொக்டரின் முகம் ஒரு கணம் உடைகிறது. அவ்வளவுதான், கதை ஓடிவிடுகிறது. அடுத்த துரத்தல், அடுத்த பகிடி, கல்யாண மேடை, வெடிப்பு. அலன் விழுந்ததும் யுத்தமும் முடிந்துவிடுகிறது. பத்து வருடம் ஒருவரை ஒருவர் கொன்றவர்கள் அடுத்த நாள் எப்படி ஒரே தெருவில் நடப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பெலிண்டாவுக்கு வீட்டுக்குப் போகவேண்டும், டார்டிஸ் புறப்படுகிறது.

நாங்கள் மடிக்கணினியைச் சுற்றி இருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருத்தரின் அம்மம்மா பின்னால் கதிரையில் இருந்தார். ஆங்கிலம் விளங்காது, படத்தை மட்டும் பார்த்தார். முடிந்ததும் கேட்டார்: “அந்தச் செத்த பிள்ளைக்கு ஆரும் அழல்லியா மனே?”

எங்களிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரையே அந்தக் கேள்வியிலிருந்துதான் வருகிறது.

அந்தக் கேள்வி எங்கேயிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். 2006 நவம்பர் 8 அன்று, எங்கட ஊர்ப் பாடசாலையில் தஞ்சமிருந்த இடம்பெயர்ந்த சனத்தின் மேல் எறிகணைகள் விழுந்தன. பலர் செத்துப்போனார்கள். எத்தனை பேர் என்பது அறிக்கைக்கு அறிக்கை மாறும். நாங்கள் அப்போது இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள், எங்களுக்கு ஒரு ஞாபகமும் இல்லை. ஆனால் யுத்தம் முடிகிற நாளோடு கதை முடியாது என்று தெரிந்துகொள்ள ஞாபகம் தேவையில்லை. ஒரே வீட்டில் இருந்து வளர்ந்தால் போதும்.

“இது குடும்பத்தோடு பார்க்கிற விளையாட்டுத் தொடர். சின்னப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். இதில் போய் ஒப்பாரி தேடுறீங்களா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பதிலை இதே தொடர் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

2018 நவம்பர் 11 அன்று ‘டீமன்ஸ் ஒஃப் த பஞ்சாப்’ என்ற அத்தியாயம் வந்தது. எழுதியவர் வினய் பட்டேல். அப்போதைய துணை யாஸ், தன் பாட்டி உம்ப்ரீனின் இளமையைப் பார்க்க 1947 ஓகஸ்டுக்குப் போகிறாள். பஞ்சாபைப் பிரிக்கிற கோடு விழுகிற நேரம். முஸ்லிம் பெண் உம்ப்ரீன், இந்துப் பையன் பிரேமைக் கல்யாணம் முடிக்கிறாள். அங்கே சுற்றித்திரிகிற வேற்றுக்கிரகவாசிகளைக் கொலைகாரர் என்று டொக்டர் நினைக்கிறார். முன்பு அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் இல்லாத நேரம் அவர்களுடைய உலகமே அழிந்துபோனது. திரும்பி வந்தபோது செத்தவர்களை மதித்து நிற்க ஒருத்தரும் மிஞ்சவில்லை. அன்றிலிருந்து அவர்கள் செய்வது ஒரே வேலை. யாரும் பக்கத்தில் இல்லாமல் சாகிறவர்களிடம் போய், சாட்சியாக நிற்பது.

பிரேம் சாகிறான். சொந்தத் தம்பியும் கூட்டமுமாக வந்து நிற்கிறார்கள். டொக்டரால் தடுக்கமுடியாது. அந்த இருவரும் அவன் பக்கத்தில் போய் நிற்கிறார்கள். அதுவும் சின்னப் பிள்ளைகள் பார்க்கிற அதே தொடர்தான். ஏறக்குறைய அதே நீளம்தான். அதிலும் வேற்றுக்கிரகவாசி, ஓட்டம், பகிடி எல்லாம் இருந்தது. நேரம் போதாது என்பது காரணமில்லை. செத்தவர் பக்கத்தில் கொஞ்சம் நிற்கவேணும் என்று எழுதினவர் நினைத்தாரா இல்லையா, அதுதான் வித்தியாசம்.

எங்களுக்கு இன்னும் உறுத்துவது, இந்த முறை அதற்கான ஆட்கள் கையிலேயே இருந்தார்கள் என்பது. ஷூட்டி கட்வா ருவாண்டாவில் பிறந்தவர். 1994 இனப்படுகொலையிலிருந்து தப்பிய குடும்பத்தோடு ஸ்கொட்லாந்துக்கு அகதியாகப் போன பிள்ளை. பெலிண்டாவோ ஒரு தாதி. செத்தவரின் கண்ணை மூடுவதும், வெளியே காத்திருக்கிற தாயிடம் போய்ச் சொல்வதும் அவள் அன்றாடம் பார்க்கிற வேலை. இவர்கள் இருவரையும் சாஷாவின் பேரை ஒருதரம் சொல்லவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருக்கவிட்டிருந்தால் போதும். நாங்கள் வேறொன்றும் கேட்கவில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும். வரதா சேது வருகிற இடமெல்லாம் அத்தியாயம் உயிரோடிருக்கிறது. கேட்காமல் தன் டிஎன்ஏயைச் சோதித்த டொக்டரைப் பார்த்து, நான் உன்னுடைய சாகசமில்லை என்கிற மாதிரி அவள் கொதிக்கிற இடம் அருமை. இத்தனை வருடத்தில் டொக்டரை அப்படி நிறுத்திக் கேள்வி கேட்ட துணைகள் குறைவு. ஆனால் மே 31 அன்று வந்த கடைசி அத்தியாயத்தில் அவளுடைய வாழ்க்கையே மாற்றி எழுதப்பட்டு, அவள் ஒரு குழந்தையின் தாயாகிறாள். அவளிடம் யார் கேட்டது? முதல் அத்தியாயத்தில் அலன் செய்ததை, கடைசி அத்தியாயத்தில் கதையே செய்துவிட்டது.

அந்த நட்சத்திரச் சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. காசுக்கு விற்கிற அந்தத் தாளுக்கு வானியலில் மதிப்பில்லை. நட்சத்திரங்களுக்கு அதிகாரபூர்வமாகப் பேர் வைப்பது சர்வதேச வானியல் ஒன்றியம். 2019இல் அந்த ஒன்றியம் தன் நூற்றாண்டுக்காக ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்தையும் அதன் கிரகத்தையும் பேர் வைக்கக் கொடுத்தது. இலங்கைக்குக் கிடைத்தது எச்டி 205739. வைத்த பேர் ‘சாமய’, சிங்களத்தில் சமாதானம். கிரகத்துக்கு ‘சமகிய’, ஒற்றுமை. நல்ல பேர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு நட்சத்திரத்துக்குச் சமாதானம் என்று பேர் வைப்பதும், கடைசிக் காட்சியில் ரோபோவையும் மனிதரையும் சமாதானமாக்கிவிட்டுப் பறப்பதும் ஒரே அளவு லேசான வேலைகள். செத்தவர்களின் பேர்களை எழுதிவைப்பதுதான் பாரம்.

தொடரை விடச் சொல்லமாட்டோம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த அத்தியாயத்தில் தொடங்காதீர்கள். ‘டீமன்ஸ் ஒஃப் த பஞ்சாப்’ பாருங்கள். பிறகு இந்தப் பருவத்தின் இரண்டாவது அத்தியாயம் ‘லக்ஸ்’. 1952 மயாமியில், நிறம் பார்த்துக் கதவடைக்கிற காலத்தில் டொக்டரும் பெலிண்டாவும் போய் இறங்குகிறார்கள். முதல் அத்தியாயம் தவறவிட்டதில் கொஞ்சம் அங்கே இருக்கிறது.

நாங்கள் அடுத்த கிழமை அம்மம்மாவுக்குப் பஞ்சாப் கதையைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் போட்டுக் காட்டப்போகிறோம். அந்த இரண்டு பேரும் பிரேமுக்குப் பக்கத்தில் போய் நிற்கிற இடத்தில் அவர் என்ன சொல்கிறார் என்று பார்க்கவேணும்.