900 டிகிரியில் கொதிக்கும் கிரகம்... அங்கே விஞ்ஞானிகளுக்கு என்ன வேலை?

'வேற்றுக்கிரகத்தில் உயிர்?' என்று தலைப்பு வந்தால் கிளிக் அள்ளும். 'கொதிக்கும் கிரகத்தில் கந்தக வாயு' என்றால் பலரும் ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவாங்க. ஆனால், முதல் செய்தியை நம்பலாமா என்று சொல்லித் தருவதே இரண்டாவது செய்திதான்.

உதாரணம், வாஸ்ப்-39பி. சுமார் 700 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. எடையில் கிட்டத்தட்ட சனி கிரகம் மாதிரி. அளவில் வியாழனைவிடப் பெரிசு. தன் நட்சத்திரத்தை ஒட்டியே 4 நாளுக்கு ஒருமுறை சுற்றுவதால் வெப்பம் சுமார் 900 டிகிரி செல்சியஸ். உயிருக்கு சான்ஸே இல்லை.

அப்புறம் ஏன் பார்க்கணும்?

சூட்டில் அதன் வளிமண்டலம் உப்பிக் கிடக்கிறது. நட்சத்திரத்துக்கு முன்னால் கிரகம் கடக்கும்போது, கொஞ்சம் ஒளி அந்த வளிமண்டலத்தின் வழியே வடிகட்டி வரும். ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய அலைநீளங்களை விழுங்கிவிடும். எது குறைகிறது என்று பார்த்தால், எந்த வாயு என்று தெரிந்துவிடும். பல வாயுக்களின் கைரேகை அகச்சிவப்பு ஒளியில்தான் பளிச்சென்று தெரியும். பூமியின் காற்று அந்த ஒளியில் பெரும்பகுதியை மறைத்துவிடுவதால், தொலைநோக்கி விண்வெளிக்குப் போயாக வேண்டும்.

2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இந்தக் கிரகத்தைப் பார்த்தது. ஆகஸ்ட்டில் கார்பன் டை ஆக்சைடு உறுதியானது. கூடவே, வரைபடத்தில் 4 மைக்ரான் பக்கத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒரு சின்ன மேடு. அது என்ன வாயு என்று அவசரப்பட்டு யாரும் முடிவு கட்டவில்லை. தரவுகள் பொதுவெளியில் வைக்கப்பட்டன. பல குழுக்கள் அலசின. நவம்பரில் விடை வந்தது: சல்ஃபர் டை ஆக்சைடு. நட்சத்திர ஒளி பட்டு நடந்த வேதிவினையில் உருவானது. வேற்றுக்கிரகம் ஒன்றில் இப்படி நடப்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது.

தலைப்புக்கு முன் நிதானம்

இப்போது 2025 ஏப்ரலுக்கு வருவோம். கே2-18பி என்ற சிறிய கிரகத்தில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் வெளியிடும் டைமெத்தில் சல்ஃபைடு வாயுவின் அறிகுறி இருப்பதாக அறிவிப்பு வந்தது. உலகமே பரபரத்தது. அதே தரவுகளை ஆராய்ந்த வேறு குழுக்களோ, ஆதாரம் போதாது என்றன. அதோடு, உயிரே இல்லாத வால்நட்சத்திரம் ஒன்றிலும் அந்த வாயு ஏற்கெனவே கண்டறியப்பட்டிருக்கிறது.

பெரிய, தெளிவான வாஸ்ப்-39பியிலேயே ஒரு மேட்டுக்குப் பெயர் சொல்ல மாதங்கள் ஆயின. மங்கலான சின்னக் கிரகத்தில் அவசரம் எடுபடாது. அடுத்த முறை 'உயிர்' தலைப்பு வந்தால் ஷேர் செய்வதற்கு முன் இரண்டே கேள்விகள்: வேறு குழு உறுதி செய்ததா? உயிர் இல்லாமலும் அந்த வாயு உருவாகுமா?