தோண்டிவிட்டுத் தேடும் சிக்கனம்

"ரேடார், லொக்கேட்டர் எல்லாம் வெளிநாட்டுச் சங்கதி, நமக்குக் கட்டுப்படியாகாது." சாலையை வெட்டும் முன் அடியில் என்ன ஓடுகிறது என்று இந்தக் கருவிகளை வைத்துப் பார்க்கக் கூடாதா என்று கேட்டால், பொறியாளர் முதல் ஒப்பந்ததாரர் வரை சொல்லும் பதில் இது. கேட்டவரும் தலையாட்டிவிடுகிறார். சுத்தப் பொய்க்கணக்கு!

அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகம் 71 நெடுஞ்சாலைப் பணிகளை ஆராய்ந்து 1999-இல் கணக்குச் சொன்னது: முன்கூட்டித் தேடச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 4.62 டாலர் மிச்சம். இந்தியாவிலோ, கண்ணாடியிழைக் கேபிள்கள் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் முறை அறுபடுகின்றன, நட்டம் சுமார் 3,000 கோடி ரூபாய் என்று மத்திய அரசே சொல்லியிருக்கிறது. இது மட்டும் கட்டுப்படியாகிறதா?

ஆகிறது, கொடுப்பவர் வேறு ஆள் என்பதால். டெண்டரில் பள்ளத்துக்கு மீட்டர் கணக்கில் பணம் உண்டு; தேடுவதற்குப் பெரும்பாலும் ஒரு வரிகூட இராது. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டுபவர் குடிநீர்க் குழாயை உடைத்தால், ஒட்டுப்போட வருவது குடிநீர் வாரியம்; குடத்தோடு லாரிக்கு நிற்பது தெருக்காரர்கள். மேற்பார்வையாளர் முனைக்கடைக்காரரிடம் "இங்க லைன் எந்தப் பக்கமாப் போகுது?" என்று கேட்பார், அவர் காட்டிய திசைக்கு எதிர்ப்புறம் ஜேசிபி இறங்கும். அதுதான் ஆய்வு.

"நம்ம மண்ணுக்கு அது சரிப்படாது" என்பது அடுத்த சாக்கு. ஈரக் களிமண் ரேடார் அலையை விழுங்கும் என்பது மெய். கம்பி சேர்த்துப் புதைக்காத பிளாஸ்டிக் குழாய், உலோகத்தைத் தேடும் லொக்கேட்டருக்குச் சிக்காது என்பதும் மெய். அதனால்தான் பழைய வரைபடம், லொக்கேட்டர், ரேடார், கடைசியில் கையால் வெட்டும் சோதனைக் குழி என ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்கிறார்கள். 2023 மார்ச்சில் வந்த 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியும் தோண்டுபவரையும் குழாய்க்குச் சொந்தக்காரரையும் பேசவைக்கும், அவ்வளவுதான். சொந்தக்காரரிடமே வரைபடம் இல்லையென்றால் அது என்ன செய்யும்?

தென்கொரியாவின் டேகு நகரில் 1995 ஏப்ரல் 28 அன்று, சுரங்க ரயில் பணியிடத்தருகே தோண்டியவர்கள் எரிவாயுக் குழாயைத் துளைத்துவிட்டார்கள். வெடிப்பில் 101 பேர் இறந்தார்கள்; பலர் பள்ளி மாணவர்கள். நம் நகரங்களிலும் குழாய் எரிவாயு வீடுகளுக்கு வரத் தொடங்கிவிட்டது.

தேடலுக்கு டெண்டரில் தனித் தொகை ஒதுக்குங்கள். ஆய்வறிக்கை இல்லாமல் சாலை வெட்ட அனுமதி தராதீர்கள். அதன் பிறகும் உடைத்தால் பில்லில் பிடியுங்கள். கட்டுப்படியாகாத அந்தக் கருவியை மறுவாரமே ஒப்பந்ததாரர் வாடகைக்கு எடுத்து வருவார்.