விலைக்கு வந்த விலக்கு

சட்டம் எல்லார்க்கும் ஒப்ப நிற்கும் வேலி. பொருளுடையார் தட்டினால் மட்டும் திறக்கும் கதவொன்றை அவ்வேலியில் அரசே அமைத்துவிடின், அதனை வேலியென்று அழைப்பது எங்ஙனம்? சுங்கச்சாவடி என்றே அழைத்தல் வேண்டும். தமிழகக் கட்டட நெறிகளுக்கு நேர்ந்துள்ள இழிநிலை இதுவே!

இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் உள்ள பழைய குடியிருப்புத் தெருக்களை எண்ணிப் பார்க்க. ஓட்டு வீடும் ஒருமாடி வீடுமாய் நெருங்கி நிற்கும் குறுந்தெருக்கள் அவை. அத்தகைய தெருவொன்றில் ஒருவர் இரண்டு மாடிக்கு ஒப்புதல் பெற்று நான்கு மாடி எழுப்பினால் என்னாகும்? பக்கத்தே விடவேண்டிய வெளியையும் அவர் சுவர் விழுங்கிவிடும். அடுத்த வீட்டு முற்றத்தில் வெயில் மறையும், காற்று நிற்கும். ஒரு குடும்பத்துக்கென்று பதித்த குழாயில் எட்டுக் குடும்பம் நீருறிஞ்சும். ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தையும் தாமிரபரணிக் கூட்டுக் குடிநீரையும் நம்பி வாழும் இராசபாளையத்தில் இது சிற்றிழப்பா? அயலார் சென்று முறையிட்டால், "வரன்முறைப்படுத்த எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்பதே விடையாகும். அவ்வொரு சொல்லில் அயலார் உரிமை அடங்கிப் போகும்!

இவ்விடை எங்கிருந்து பிறந்தது? 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், தன் 113ஆம் பிரிவால், கட்டட நெறிகளினின்று விலக்களிக்கும் ஆற்றலை அரசின் கையில் வைத்தது. அவ்வாறு அளித்த விலக்காணைகளுள் 62 ஆணைகளை 2000ஆம் ஆண்டில் உச்ச முறைமன்றம் செல்லாவென்று தள்ளியது. ஆயினும், 1998இல் புகுத்தப்பட்ட 113-ஏ பிரிவை, ஒரே ஒரு முறைக்கான ஏற்பாடு என்னும் அளவில் அது ஏற்றுக்கொண்டது. 1999 பிப்பிரவரி 28 வரை எழுந்த மீறற் கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்தும் பிரிவு அது.

அந்த 'ஒரே முறை' என்னவாயிற்று? 2000, 2001, 2002 என ஆண்டுதோறும் எல்லைநாள் நீண்டது. அந்நீட்டிப்புகளை 2006இல் சென்னை உயர் முறைமன்றம் தள்ளுபடி செய்தது. 2007இல், மீறிய கட்டடங்களை இடிப்பினின்று காக்க உடனடிச் சட்டம் ஓடி வந்தது. 2012இல் 113-சி பிரிவு பிறந்தது. 2017இல், 2007 சூலை 1க்கு முன் எழுந்த கட்டடங்களுக்கு அதன் வழியே வாயில் திறந்தது. கோட்டையில் கொடி மாறிற்று, கொள்கை மாறவில்லை!

இதனால் ஏமாந்தவன் யார்? சட்டத்துக்கு அஞ்சி நடந்தவனே! நூலாலையில் உழைத்துச் சேர்த்த காசில் சிறுமனை வாங்கி, நெறிப்படி வெளிவிட்டு, ஓர் அறையை இழந்து வீடு கட்டியவனைச் சட்டம் ஏளனம் செய்கிறது. அவன் விட்ட வெளி வீண்வெளியன்று. தீப்பற்றினால் ஏணியும் ஊர்தியும் நுழையும் வழி. 2017 மே 31இல் சென்னைத் தியாகராயர் நகரில் ஏழுமாடித் துணிக்கடை பற்றியெரிந்து, பின்னர் முழுதும் இடிக்கப்பட்டதைத் தமிழகம் கண்டது. வரன்முறைக் கட்டணச் சீட்டு தீயை அணைக்குமா?

"மக்கள் பெருகுகின்றனர், வீடு வேண்டாவா?" என்பர் சிலர். வேண்டும்! நெருங்கிக் கட்டுதலே தீதென்று எவரும் கூறார். மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு தளம் எழுப்பலாம் என்னும் குறியீட்டை, 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட நெறிகள் 1.5இலிருந்து 2ஆக உயர்த்தின. எல்லார்க்கும் ஒன்றாய் உயர்த்துவது நேர்வழி. ஆனால் அந்நெறிகளே, தெருவகலத்துக்கேற்ப நூற்றுக்கு 30 முதல் 50 வரை மிகுதளத்தை விலைக்கும் வைத்தன. தெருவின் அகலத்தை அளந்தவர், அத்தெருவின் நீர்க்குழாயையும் கழிவுநீர்க் காலையும் அளந்தனரா? வாங்கிய பணம் அதே தெருவுக்கு மீள்கிறதா?

எழுதிய வரம்பும் காவலின்றேல் பயனில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரமே வரம்பு. அதனை மீறியோரைக் கேட்கவும் மக்கள் முறைமன்றப் படியேற நேர்ந்தது. திருவில்லிபுத்தூரின் பதினொரு நிலைக் கோபுரத்தை நாளை மாடிகளுக்கு இடையே தேடும் நிலை வரவேண்டுமா?

இக்கேட்டுக்கு மொழியும் துணைநிற்கிறது. 1956இலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றிய நாட்டில், கட்டட அலுவலில் 'எப்.எஸ்.ஐ.', 'செட்பேக்', 'பிளானிங் பர்மிசன்' என்பனவே ஆள்கின்றன. தன் வெயிலைப் பறிக்கும் தாள் எதுவென்றே விளங்காத தமிழன் எங்ஙனம் மறுப்புரைப்பான்? புரியாத மொழி, மீறுவோனுக்குக் கிடைத்த இரண்டாவது சுவர்!

எனவே, தமிழ்மக்களே, மூன்றைக் கேளுங்கள். நெறி தவறென்றால் எல்லார்க்குமாய் மாற்றுக; ஒருவர்க்கென விலக்கு விற்கற்க. கட்டுமுன் மனைவாயிலில் மாடியும் பக்கவெளியும் இத்துணையென்று தூயதமிழில் எழுதி நிறுத்துக. அயலார் மறுப்பைக் கேட்டு, காரணம் காட்டித் தமிழில் விடை தருக. இவற்றைத் தராத நகராட்சிக்கு வரி கேட்க மட்டும் வாயுண்டோ? ஒவ்வொரு தெருவாரும் ஒன்றுகூடிக் கேட்கட்டும்!