திட்டுவதற்கு முன் ஒரு திடல் கொடுங்கள்

சனிக்கிழமை இரவு ஒன்றரை மணி. தாமான் யுனிவர்சிட்டியில் ஒரு மாமாக் கடையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். மேஜையில் தே தாரிக், பாதி தின்ற ரொட்டி சானாய். பேச்சு புதிதாக வந்திருந்த ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி. அப்போது ஸ்கூடாய் நெடுஞ்சாலைப் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. எக்ஸோஸ்ட் மாற்றிய கார்கள், இரண்டோ மூன்றோ, ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டு போகும் சத்தம்.

“காலிப் பசங்க. ஒருநாள் எங்கியாவது மோதிச் சாவானுங்க, அப்பதான் புத்தி வரும்” என்றார் நண்பர்.

எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு அந்தச் சிரிப்பு உறுத்தியது. செத்தவனுக்கு எப்படிப் புத்தி வரும்? இத்தனைக்கும் சொன்னவர் கவிஞர். அடிபட்ட நாயைப் பற்றி அவர் எழுதிய கவிதையைப் படித்துக் கண் கலங்கியவன் நான். நாய்க்கு இருக்கும் இரக்கம் பத்தொன்பது வயதுப் பையனுக்கு ஏன் இல்லை? இந்தக் கட்டுரை அந்த நண்பருக்கும், சிரித்த எனக்கும்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். விடிகாலை நாலரைக்கெல்லாம் மோட்டாரை எடுத்துக்கொண்டு இரண்டாவது பாலம் வழியாகச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பெங்கலில் கை உதவி செய்கிறான். என் பழைய வீராவின் முன் சக்கரத்தில் ஒரு முனகல் இருந்தது. இரண்டு பெங்கலில் காட்டியும் பிடிபடவில்லை. இவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தான். “இடது பக்கம் பேரிங் போச்சுண்ணே, வலது பக்கம் திருப்பும்போது கேக்குது பாருங்க” என்றான். அதேதான். பள்ளிக்கூடம் இவனைக் கடைசி வகுப்பில் உட்கார வைத்தே அனுப்பியது. அவனுக்கு இப்படி ஒரு காது இருப்பதைப் பதினோரு வருடத்தில் யாரும் கவனிக்கவில்லை.

அவனும் ராத்திரி ஓட்டுகிறவன்தான் என்று பிறகு தெரிந்தது. அண்ணன் முறையில் உட்கார வைத்து அறிவுரை சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “சரிண்ணே, ரோட்டுல ஓட்டல. வேற எங்க ஓட்டுறது? நீங்களே ஒரு எடம் சொல்லுங்க” என்றான்.

என்னிடம் பதில் இல்லை.

ஜொகூருக்கும் பந்தயத்துக்கும் சம்பந்தமே இல்லாததுபோல நாம் பேசுகிறோம். ஜப்பானியர் வருவதற்கு முன்னாலேயே, 1940இல், ஜொகூர் பாருவின் தெருக்களில் ஜொகூர் கிராண்ட் பிரி நடந்தது. போருக்குப் பிறகும் 60கள் வரை அந்தத் தெருப் பந்தயம் தொடர்ந்தது. 1986இல் பாசிர் கூடாங்கில் 3.86 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பந்தயத் தடம் திறக்கப்பட்டது. ஸ்கூடாயிலிருந்து முக்கால் மணி நேர ஓட்டம். 1998இல் உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரியே அங்கே வந்தது. அடுத்த ஆண்டு சிப்பாங் திறந்ததும் அது அங்கே போய்விட்டது. சிப்பாங் நமக்கு முந்நூறு கிலோமீட்டர் தூரம். போகவர எண்ணெய்க் காசும் டோலும் கொடுத்தபின் அந்தத் தம்பியின் கையில் என்ன மிஞ்சும்?

நம் பையன்களுக்கு நாம் கொடுத்திருப்பது சாலைத்தடுப்பும் சம்மனும் மட்டுமே. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவதைத் தடை செய்கிறது. செய்யத்தான் வேண்டும். நான் அந்தச் சட்டத்துக்கு எதிரியல்ல. அந்தச் சாலையில் இரவு வேலை முடிந்து திரும்பும் தொழிற்சாலைப் பெண்களும் இருக்கிறார்கள், என் அக்காவும் அதில் ஒருத்தி. ஆனால் தடுப்பு போட்டவர்கள் மாற்று வழி என்று ஒரு பலகையாவது வைக்க வேண்டாமா?

2017 பிப்ரவரி 18, விடிகாலை மூன்று மணி வாக்கில், ஜொகூர் பாருவின் உள்வட்டச் சாலையில் மாற்றியமைத்த சைக்கிள்களில் கூட்டமாக இருந்த பிள்ளைகள் மீது ஒரு கார் மோதியது. எட்டுப் பேர் இறந்தார்கள். எல்லாரும் 13இலிருந்து 16 வயதுக்குள். வழக்கு ஆறு ஆண்டுகள் இழுத்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் காரோட்டிய பெண்ணை விடுவித்தது. அந்த ஆறு ஆண்டுகளும் நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. குற்றம் அந்தப் பெண்ணுடையதா, பெற்றோருடையதா? ராத்திரி மூன்று மணிக்கு வேகத்தைத் தேடி வெளியே போன பிள்ளைகளுக்குப் பகல் மூன்று மணிக்கு இந்த நகரம் என்ன இடம் வைத்திருந்தது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. அந்தப் பிள்ளைகள் தமிழர்கள் இல்லை என்று நிம்மதிப் பெருமூச்சு விட்ட சில வீடுகளும் எனக்குத் தெரியும்.

தடம் என்றதும் சிப்பாங் மாதிரி கோடிக்கணக்கில் கட்ட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். ஜிம்கானா என்ற போட்டிக்குத் தேவை ஒரு பெரிய கார் நிறுத்துமிடம், அறுபது எழுபது கூம்புகள், நேரம் பார்க்க ஒரு கருவி, கொடி பிடிக்க ஆட்கள், தீயணைப்பான், ஓர் ஆம்புலன்ஸ், எல்லார் தலையிலும் ஹெல்மெட். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். மோத இன்னொரு கார் கிடையாது. வளைவுகள் நெருக்கமாக இருப்பதால் இரண்டாம் கியருக்கு மேல் போக முடியாது. கூம்பைத் தட்டினால் நேரத்தில் விநாடிகள் கூடும். அவ்வளவுதான்.

ஆனால் அங்கே ஒருவன் கற்றுக்கொள்வது சின்ன விஷயமில்லை. பிரேக் அடித்தால் காரின் எடை முன் சக்கரத்துக்கு வருகிறது, அந்த நொடியில்தான் ஸ்டியரிங் பேச்சைக் கேட்கும். கண் பார்க்கும் இடத்துக்குத்தான் கார் போகும், அதனால் இந்த வளைவில் இருக்கும்போதே அடுத்த வளைவைப் பார்க்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்: காய்ந்த சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்து நிற்கச் சுமார் 20 மீட்டர் என்றால், 120இல் 80 மீட்டர். இதைப் பள்ளியில் பௌதிக ஆசிரியர் சொன்னபோது தூங்கிய பையன், கூம்பைத் தாண்டிப் போய் நின்ற அன்று மறக்க முடியாதபடி படித்துவிடுவான்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. கோயம்புத்தூரின் கரிவர்தன் வெளிநாட்டுக் காருக்குக் காத்திருக்கவில்லை. உள்ளூரில் கிடைத்த மாருதி உறுப்புகளை வைத்து பார்முலா மாருதி என்ற சின்னப் பந்தயக் காரை உருவாக்கினார். பதின்வயதில் அந்தக் காரில் தொடங்கிய கோவைப் பையன்தான் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஜோர்டன் அணிக்காக பார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர். கரிவர்தன் 1995இல் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் அவர் பெயரில் இன்றும் ஒரு தடம் இருக்கிறது. நீளம் 2.1 கிலோமீட்டர்தான், சிப்பாங்கின் பாதிகூட இல்லை. இங்கே நம்மிடம் மாருதிக்குப் பதில் கஞ்சில் இருக்கிறது. சில ஆயிரம் ரிங்கிட்டுக்குப் பழைய கஞ்சில் கிடைக்கும். எல்லாருக்கும் அதே கார், அதே டயர், எஞ்சினைத் தொடக் கூடாது என்று விதி வைத்தால் அப்பன் பணம் ஓட்டாது, பையன்தான் ஓட்டுவான்.

எதிர்ப்புகள் எனக்குத் தெரியும்.

முதலாவது: தடத்தில் பழகினால் சாலையில் இன்னும் பறப்பான். இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். நார்வேயில் இளம் ஓட்டுநர்களுக்கு வழுக்குச் சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியபோது இளைஞர்களிடம் விபத்து குறைவதற்குப் பதில் கூடியது. ஒருநாள் பயிற்சி ஒருவனுக்குத் திறமையைத் தராது, திறமை வந்துவிட்டது என்ற நினைப்பைத் தரும். அந்த நினைப்பை உடைக்கத்தான் தொடர்ந்த போட்டி தேவைப்படுகிறது. ராத்திரி நெடுஞ்சாலையில் எவனும் தோற்பதில்லை. பின்தங்கியவன் “நான் விட்டுக் கொடுத்தேன்” என்பான். கடிகாரத்திடம் அந்தக் கதை செல்லாது. மாதம் ஒருமுறை தன்னைவிட இரண்டு விநாடி வேகமாக ஒரு பதினாறு வயதுப் பெண் ஓட்டிவிட்டுப் போவதைப் பார்க்கிறவனுக்குத் தலைக்கனம் எத்தனை நாள் நிற்கும்? கூடவே ஒரு விதி: சாலையில் பந்தயம் ஓட்டிப் பிடிபட்டால் அந்த ஆண்டு முழுக்கத் தடத்தில் இடமில்லை. இழக்க ஏதாவது இருப்பவன்தான் ஒழுங்குக்கு வருவான். இன்று அவனிடம் இழக்க என்ன இருக்கிறது, ஒரு சம்மன் காகிதத்தைத் தவிர?

இதே பயத்தையும் காரணமாகச் சொல்லித்தான் சிங்கப்பூர் தாம்சன் ரோடு பந்தயத்தை 1973உடன் நிறுத்தியது. அதே சிங்கப்பூர்தான் 2008இல் பார்முலா ஒன்றை நகரின் நடுத்தெருவுக்கே விளக்குப் போட்டுக் கொண்டுவந்தது.

இரண்டாவது: இது பணக்கார விளையாட்டு. மேல் படியில் ஆமாம். கீழ்ப் படியை நாம் கட்டினால் இல்லை. 2002இல் புரோட்டான் காரை ஓட்டி உலக ராலி போட்டியின் உற்பத்திக் கார் பிரிவில் பட்டம் வென்ற கரம்ஜித் சிங் ஒரு மலேசிய இந்தியர். இந்த நாட்டுக் கார், இந்த நாட்டு ஓட்டுநர், உலகப் பட்டம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? கோயில் மண்டபத்தில் பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் சங்கங்களில் எத்தனை அவரை அழைத்துப் பையன்கள் முன்னால் பேச வைத்திருக்கின்றன?

மூன்றாவது: சமூகத்தில் எவ்வளவோ பிரச்சனை இருக்கிறது, இப்போது இதுவா முக்கியம்? குண்டர் கும்பல் பிரச்சனை என்று மேடைக்கு மேடை முழங்குகிறோமே, கும்பல் ஒரு பையனுக்கு முதலில் கொடுப்பது என்ன? பணமா? அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர். “நீ இதுல கெட்டிக்காரன்டா” என்று சொல்ல ஒரு அண்ணன். இதை ஒரு பந்தயக் குழுவும் கொடுக்கும். டயர் மாற்ற ஒருவன், நேரம் குறிக்க ஒருவன், திட்ட ஒருவன். காற்பந்துப் போட்டிக்குக் கோப்பை கொடுக்கும்போது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

2025 ஜனவரியில் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அன்று எங்கள் தாமானில் மாமாக்கள், அத்தைகள் எல்லார் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அந்தப் படம்தான். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் 53 வயதில் ஒருவர் துபாயில் ஓட்டினால் தன்னம்பிக்கை, 19 வயதில் ஒருவன் ஸ்கூடாயில் ஓட்ட ஆசைப்பட்டால் காலி என்றால், நாம் கைதட்டுவது முயற்சிக்கா, புகழுக்கா? அவருக்குத் தடம் இருந்தது, இவனுக்கு இல்லை. வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

இலக்கிய இதழில் எதற்குக் கார் என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் படித்த நம்மூர்ச் சிறுகதைகளில் வேகமாக வண்டி ஓட்டும் பையன் வந்தால், கடைசிப் பத்தியில் அவன் சாவான் என்று முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். அம்மா அழுவாள், கதை முடியும், பரிசும் கிடைக்கும். பேரிங்கின் முனகலைக் காதால் பிரித்தறியும் பையன் அந்தக் கதைகளில் இல்லை. அவன் கையில் படிந்த எண்ணெய்க் கறை இல்லை. எழுதத் தெரிந்த நமக்கே அவனைப் பிணமாகத்தான் கற்பனை செய்ய முடிகிறது என்றால், போலீஸ்காரரைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

பிரிட்டனில் சின்ன வட்டத் தடங்களில் ஸ்டாக் கார் பந்தயம் நடக்கிறது. அங்கே காரின் கூரை நிறத்தை வைத்து ஓட்டுநரின் தரம் தெரியும். புதியவர்களுக்கு வெள்ளை. பிறகு மஞ்சள், நீலம், சிவப்பு. பந்தயம் தொடங்கும்போது வெள்ளைக் கூரைகள் முன்வரிசையில் நிற்கும். மேல்தர ஓட்டுநர்கள் கடைசியில் நிற்பார்கள். வென்று பழகியவன் பின்னாலிருந்து முந்தி வரட்டும், புதிதாக வந்தவன் முன்னால் தெரியும் திறந்த பாதையை ஒரு தரமாவது பார்க்கட்டும் என்ற ஏற்பாடு.

நம் சங்கங்களிலும் மேடைகளிலும், ஏன், இலக்கியக் கூட்டங்களிலும் புதியவன் எங்கே உட்காருகிறான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிறு காலையில் காலியாகக் கிடக்கும் ஒரு கார் நிறுத்துமிடத்தை மாதம் ஒருமுறை முறைப்படி அனுமதி வாங்கித் திறந்து விடுங்கள். இதே ஸ்கூடாயில் யு.டி.எம்.மில் வாகனப் பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு காலை அவர்கள் வந்து பெங்கல் பையன்களோடு நிற்கட்டும், இரண்டு பக்கமும் கற்றுக்கொள்ளும். சங்கங்கள் பொன்னாடைச் செலவில் பத்து ஹெல்மெட் வாங்கட்டும். இந்த இதழைப் படிக்கும் நீங்கள் ஒரு தரம் போய்ப் பாருங்கள், கைதட்டுங்கள், பிறகு எழுதுங்கள்.

போன வாரம் அந்தத் தம்பியைப் பார்த்தேன். “எடம் ஏதாச்சும் கெடைச்சுதாண்ணே?” என்று கேட்டான். தேடிக்கிட்டிருக்கேன் என்று சொன்னேன். அது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதினேன். கவிஞரே, அடுத்த சனிக்கிழமை அந்தச் சத்தம் கேட்கும்போது நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் மாமன் யாரோ கட்சியில் இருக்கிறார் என்று சொன்னீர்களே, அவரிடம் ஒரு கார் நிறுத்துமிடம் கேட்டுப் பாருங்கள்.