எண்ணெய் வழியும் தலைக்கு என்ன செய்வது?



இந்த முறை ஒரு தவற்றை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. தவறு என்னுடையது.

ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி. பெயர் வேண்டாம். காலை ஏழரை மணிக்கு வகுப்புக்குள் நுழையும்போதே இரட்டைச் சடையிலிருந்து எண்ணெய் நெற்றியில் இறங்கியிருக்கும். சட்டையின் கழுத்துப்பட்டி மஞ்சள் படிந்திருக்கும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏற ஏற ஒருவித வாடையும் வரும். பக்கத்துப் பிள்ளைகள் மேசையை மெல்ல நகர்த்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பயிற்சிப் புத்தகத்தில், "மகளின் தலையைச் சுத்தமாகக் கழுவி அனுப்பவும்" என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் பிள்ளை வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. இப்படி நான்கு நாட்கள்.

ஐந்தாம் நாள் மாலை வீட்டுக்கே போனேன். தாயார் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். அப்போதுதான் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அஞ்சு மணிக்கு எந்திரிச்சு எண்ணெ வச்சு, சடை பின்னித்தான் டீச்சர் அனுப்புறேன். பிள்ள தலைய நான் பாக்கலன்னு எழுதிட்டீங்களே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. தலையைப் பார்க்காத தாய் அல்ல அவர். தினமும் பார்த்துப் பார்த்துத்தான் எண்ணெய் வைத்திருக்கிறார். எண்ணெய் வைக்காத தலையைப் பரட்டைத் தலை என்று ஊர் சொல்லும் என்பதே அவருடைய பயம்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அங்கே உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களில் பலர் வீட்டிலும் இதே கதைதான் என்பது எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒட்டி ஒரு சிறு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் அது சோம்பலாக இருக்கும். பத்து, பதினொரு வயதுக்கு மேல் உடம்பு பருவத்துக்குத் தயாராகும்போது விழித்துக்கொள்ளும். முகத்தில் பரு வருவதும் தலை பிசுபிசுப்பதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்குவது இதனால்தான். எட்டு வயதில் அந்தப் பிள்ளையின் தலைக்கு ஏற்றதாக இருந்த தேங்காயெண்ணெய், பன்னிரண்டு வயதில் சுமையாகிவிட்டது. உள்ளிருந்து ஊறும் எண்ணெய்க்கு மேல் வெளியிலிருந்தும் எண்ணெய். அதற்கு மேல் நம் நாட்டுப் புழுக்கமும் வியர்வையும். வாரத்துக்கு ஒரு குளியல் எப்படிப் போதும்?

"அடிக்கடி தலைக்குக் குளித்தால் எண்ணெய் இன்னும் அதிகமாகச் சுரக்குமாமே?" என்று கேட்பீர்கள். இல்லை. சுரப்பி உடம்பிலுள்ள ஹார்மோனின் சொல்லைக் கேட்குமே தவிர, ஷாம்பூவின் சொல்லைக் கேட்காது. எண்ணெய்ப் பசையுள்ள தலைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிக்கலாம். வெயிலில் வேலை செய்கிறவர்கள் தினமும் குளித்தாலும் குற்றமில்லை. முடி நுனி வறண்டால் நுனியை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும்.

இனிச் செலவைப் பார்ப்போம். அந்த வீட்டில் ஒட்டுக்கடையில் தொங்கும் சிறு பாக்கெட்டுகளைத்தான் வாங்கினார்கள். கையில் காசு குறைவாக இருக்கும்போது பாக்கெட்டு மலிவாகத்தான் தோன்றும். 6 மில்லி பாக்கெட்டு 50 காசு என்று வைத்துக்கொள்வோம். இடுப்பு வரை கூந்தலுள்ள பிள்ளைக்கு ஒரு குளியலுக்கு இரண்டு வேண்டும். மாதம் 15 குளியலுக்கு 15 வெள்ளி. அதையே 400 மில்லி போத்தலாக 12 வெள்ளிக்கு வாங்கினால், மில்லிக்கு 3 காசுதான். ஒரு குளியலுக்கு 8 மில்லி, அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி போதும். மாதத்துக்கு 120 மில்லி, 3 வெள்ளி 60 காசு. ஒரு போத்தல் மூன்று மாதத்துக்கு மேல் வரும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். கணக்குப் பாடம் நடத்தாமல் இருக்க எனக்குத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

விலை உயர்ந்த ஷாம்பூதான் அழுக்கை எடுக்கும் என்பதில்லை. நுரையையும் சுத்தத்தையும் தரும் சோடியம் லாரத் சல்பேட் என்ற பொருள் விலை குறைந்த போத்தலிலும் இருக்கிறது, விலை கூடியதிலும் இருக்கிறது. வித்தியாசத்தில் பெரும் பகுதி வாசனைக்கும் விளம்பரத்துக்கும் போகிறது. எண்ணெய்த் தலைக்குப் பாலைப்போல் கெட்டியாக இருப்பதையும், 'பட்டுப்போன்ற மென்மை' என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள். அவற்றில் முடிமேல் படியும் பொருள்கள் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். எண்ணெய்ப் பசைக்கு என்று எழுதிய, கண்ணாடிபோல் தெளிவான வகையை எடுங்கள்.

ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து தேய்ப்பது நல்ல பழக்கம். ஆனால் சிறு கிண்ணத்தில் அப்போதைக்கு அப்போது கலந்துகொள்ளுங்கள். போத்தல் நிறையத் தண்ணீர் ஊற்றி 'நீட்டி' வைத்தால், கெடாமல் காக்கும் மருந்தின் வலு குறைந்து உள்ளே கிருமி வளர்ந்துவிடும்.

தலையை நன்றாக நனைத்து, கலந்ததைத் தலைத்தோலில் ஊற்றி, விரல் நுனியால் தேயுங்கள். நகம் படக்கூடாது. கூந்தல் முழுவதையும் துணி கசக்குவதுபோல் கசக்க வேண்டாம், வழியும் நுரையே நீளமுடியைச் சுத்தம் செய்துவிடும். எண்ணெய் அதிகமென்றால் அலசிவிட்டு இன்னொரு முறை. ஈரத்தோடு சடை பின்னினால் வாடை திரும்ப வந்துவிடும். ஆகவே மாலையில் குளித்து உலரவிட்டுப் படுப்பது காலை அவசரத்துக்கு நல்லது. சீப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை துவைக்கத் தவறாதீர்கள்.

சீயக்காய் விட்டுப்போயிற்று என்று பாட்டிமார்கள் கோபிப்பார்கள். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இயற்கையாகவே நுரைக்கும் பொருள் உண்டு, அழுக்கை எடுக்கும். வெந்நீரில் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரைத் தேயுங்கள். தூளை அப்படியே அப்பினால் தலையில் தங்கி, அதுவே பொடுகுபோல் தெரியும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கும் சவுக்காரமும் பாத்திரம் கழுவும் திரவமும் மட்டும் தலைக்கு வேண்டவே வேண்டாம். எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போவதும் வேண்டாம், தோல் வெந்து கறுத்துவிடும்.

பொடுகு இருந்தால் கதை வேறு. தலையில் வாழும் ஒருவகைப் பூஞ்சை அந்த எண்ணெயைத் தின்று வளர்கிறது. 'வறட்சி' என்று நினைத்து மேலும் எண்ணெய் வைப்பது அதற்கு விருந்து வைப்பதுதான். சிங்க் பைரித்தியோன் அல்லது கெட்டோகொனசோல் உள்ள ஷாம்பூவை வாரம் இரண்டு முறை, மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். உடனே அலசினால் பணம்தான் வீண். ஒரு மாதத்தில் குறையாவிட்டாலும், புருவத்திலும் மூக்கோரத்திலும் செதில் படர்ந்தாலும், வட்டமாக முடி கொட்டினாலும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். வயது வந்த பெண்ணுக்கு எண்ணெய்ப் பசையோடு மாதவிலக்கு தவறி, முகத்தில் முடியும் வளர்ந்தால் அதையும் டாக்டரிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அந்தத் தாயார் கடைசியில், "அப்ப எண்ணெயே வைக்கக் கூடாதா டீச்சர்?" என்றார். குரல் உடைந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால், வேலைக்குப் போகும் முன் பிள்ளையைத் தொட்டுக்கொண்டிருக்க அவருக்குக் கிடைப்பது அந்தக் கால்மணி நேரம்தான். சடை பின்னுவது இருக்கட்டும், அதைத் தினமும் செய்யுங்கள் என்றேன். எண்ணெயை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்து, அரைமணி ஊறவிட்டு, மடியில் உட்காரவைத்து நிதானமாகப் பேன் பார்த்துவிட்டு, அன்றே அலசிவிடச் சொன்னேன்.

திங்கட்கிழமை பிள்ளை வந்தாள். சடை இறுக்கமாக, ரிப்பனும் புதிது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய பயிற்சிப் புத்தகத்தை வாங்கி, சிவப்பு மையில் எழுதிய அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன்.