கால்களை மட்டும் பார்க்க வேண்டாம்

முள்ளந்தண்டுப் பிளவுடன் பிறந்த பிள்ளை இருக்கும் வீட்டுக்கு உதவி வந்தால், அது பெரும்பாலும் சக்கர நாற்காலியாகவே வருகிறது. பிள்ளையின் கால்கள் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. கைகளைப் பற்றிக் கேட்போர் குறைவு. இந்நிலை மாற வேண்டும் என்பதே எமது கருத்து.

கருத்தரித்து ஏறக்குறைய 28 நாட்களுக்குள் மூடவேண்டிய நரம்புக்குழாய் சரியாக மூடாமையால் இக்குறை உண்டாகிறது. எவருடைய பாவமும் சாபமும் இதற்குக் காரணமல்ல. பிளவு இடுப்புப் பக்கம் இருந்தாலும் பாதிப்பு அவ்விடத்துடன் நிற்பதில்லை. இப்பிள்ளைகள் பலருக்கு மூளையில் நீர் தேங்குகிறது. சிறுமூளையின் ஒரு பகுதி கழுத்துப் பக்கமாக இறங்கியும் இருக்கிறது. அதனால் கைப்பிடி தளரலாம். பொத்தான் பூட்டவும் பென்சில் பிடிக்கவும் நேரம் எடுக்கலாம். இதனைச் சோம்பல் என்று ஏசுவது அநீதி.

இடம்பெயர்ந்த வாழ்வில் தாய்க்கு ஆயிரம் வேலை. ஊட்டிவிட்டால் நேரமும் மிச்சம், சோறும் சிந்தாது. அன்பினால் செய்வதுதான். ஆனால் பத்து வயதிலும் ஊட்டப்படும் பிள்ளை, தாய் இல்லாத நாளில் என்ன செய்யும்? சிறுநீரைக் குழாய் வைத்துத் தானே அகற்றப் பழகுவதற்கும் கைப்பழக்கமே வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. முதுகுக்கு அணை கொடுத்து இருத்துங்கள். ஊன்றியிருந்த இரு கைகளும் விடுபடும். கச்சான் உடைக்கவும், வெங்காயம் உரிக்கவும், விதை தெரியவும், நாற்றுப் பைக்கு மண் நிரப்பவும் கொடுங்கள். தாமதமானாலும் பறிக்காதீர்கள். உணர்வற்ற கால்கள் அடுப்பில் சுடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு செய்த வேலையைக் கை செய்ய மறுத்தாலோ, தலையிடி, வாந்தி, அளவுக்கு மிஞ்சிய நித்திரை கண்டாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அடுத்த பிள்ளையை விரும்பும் தாய்மார் கருத்தரிக்கு முன்னரே வைத்தியரிடம் போலிக் அமிலக் குளிசை பற்றிக் கேட்க வேண்டும். இத்தகைய தாய்மாருக்கு அதனைக் கூடிய அளவில் கொடுத்தபோது, மீண்டும் இக்குறை வருவது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்ததை 1991இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது.

உதவி வழங்குவோர் நாற்காலியுடன் நின்றுவிடாது, தொழில்வழிச் சிகிச்சையாளரையும் ஊருக்கு அழைத்து வரவேண்டும். கை சூம்பிய மனிதனை இயேசு நடுவில் நிற்கச் செய்தார். அவனுடைய கையைப் பிடித்து அவர் நீட்டவில்லை; அவனையே நீட்டச் சொன்னார். எம் பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்பைக் கொடுப்போம்.